கழுத்துப்பட்டிக்காரர் சொன்ன தீர்ப்பு

20 ஜூலை 1974, சனி

விடிய மழை. பத்து மணிக்கு வெளித்தது, குளிர் மட்டும் போகவில்லை. மனைவி ராணியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். சப்பாத்துக்குப் பொலிஷ். பென்சில் இரண்டு சீவியாயிற்று.

புறப்படும்போது ராணி: "சேத்துக்குள்ள போய் நிக்கிறதுக்கு என்னத்துக்குக் கழுத்துப்பட்டி?" வழக்கமான கேள்வி, வழக்கமான பதில்: மட்ச் என்றால் கழுத்துப்பட்டி, முடிச்சுப் போட்ட டை. கல்லூரியில் கிரிக்கெட் ஸ்கோரர் மேசையில் அது இல்லாமல் இருந்தால் மாஸ்டர் எழுப்பி விட்டுவிடுவார். சன்ஷைன் ஸ்டேஷனில் இன்றும் என்னைத் தவிர ஒருவர் கழுத்திலும் இல்லை.

மட்ச், இந்த நாட்டு ஃபுட்போல், எங்கள் அணியின் மைதானத்தில். எங்கள் இடம், ஸ்கோர் பலகைக்குக் கீழே வேலியோடு. மூன்றாவது வருடமாக மூன்று பேர். டோரிஸ், அறுபது தாண்டியவர், தனியாள், எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து முட்டை சாண்ட்விச் கொண்டு வருகிறார். பெர்ட், ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர், ஆள் கட்டை, காலி பியர் டின் இரண்டைக் கவிழ்த்து அதன்மேல் நின்றுதான் பார்ப்பார். பிறகு நான்.

டோரிஸின் கோட்டு முதுகில் பெரிதாக 46 தைத்திருக்கிறது. 46 என்பது கொலின். பத்தொன்பது வயது. நாட்டுப்புறத்திலிருந்து இந்த வருடம் வந்தவன். ரிசர்வ்ஸ் என்கிற இரண்டாம் அணியில் பின்வரிசை. ரிசர்வ்ஸ் ஆட்டம் பெரிய மட்சுக்கு முன்னால், அதே மைதானத்தில்; சனம் வந்து சேருமுன் முடிந்துவிடும். நாங்கள் அதற்கே போய்விடுவோம். இவன் மேல் அணிக்குத் தேறுவானா மாட்டானா என்பதுதான் ஏப்ரலிலிருந்து எங்கள் பட்டிமன்றம்.

டோரிஸ்: "வாற வருசம் பாருங்கோ. அவன் மேல விளையாடாட்டி இந்தக் கோட்டை அடுப்பில போடுறன்."

பெர்ட்: "என்ர காலத்தில இவனுக்குத் தண்ணி வாளி தூக்கவும் இடம் குடுத்திருக்க மாட்டினம்."

(ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். இருக்கட்டும். அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.)

"கொப்பி என்ன சொல்லுது, சிவா?" பெர்ட் கேட்டார். எல்லாச் சண்டையும் கடைசியில் நான் கணக்கு எழுதுகிற கொப்பிக்குத்தான் வரும். எண்ணாமல் ஒரு விளையாட்டைப் பார்க்க எனக்குத் தெரியாது.

கொலின் இன்று: உ 6, பி 2, கை 1. (உதைத்தது, எட்டிப் பிடித்தது, கையால் குத்திக் கொடுத்தது.)

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். "பதினொரு மட்ச். சராசரி ஏழு உதை. ஓட்டம் தொடங்கிற இடத்தில வேகம் இல்லை. நல்ல பெடியன். ஆனா மேல் மட்டத்துக்குக் காணாது. ஊர் லீக்கில நிண்டா ராசா மாதிரி இருப்பான்."

பெர்ட் கை தட்டினார். டோரிஸ் ஃபிளாஸ்க் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கினார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், ஐம்பது வயதிருக்கும், முந்திய மட்சிலும் கண்ட முகம். வாயே திறக்காதவர். நான் சொல்லி முடிய என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பெரிய மட்சுக்கு நிற்கவில்லை.

பெரிய மட்ச் தோல்வி. சப்பாத்து பாழ்.

22 ஜூலை, திங்கள்

கந்தோரில் வேலை: புதிய குழாய்ப் பாதை வரைபடம், எல்லாம் மீட்டரில் மாற்ற வேண்டுமாம். அடியும் அங்குலமும் தெரிந்தவன் இனி எதற்கும் உதவாதவன். வாங்க வேண்டியது: கத்தரிப்பூச் சாயத்தில் நூல், தேயிலை, மையொற்றும் தாள். மிளகாய்த்தூள் போத்தலின் அடி தெரிகிறது. ஊரிலிருந்து பார்சல் வரும் வரை சிக்கனம்.

சனிக்கிழமை நான் பேசிய குரல் இரண்டு நாளாகக் காதில். எங்கேயோ கேட்ட குரல். இன்று ரெயிலில் பிடிபட்டது. என் குரல்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், தம்பி தயாவுக்குச் சொன்னது.

தயா இடதுகைப் பந்துவீச்சு. கல்லூரியில் கடைசி வருடம். கொழும்பில் அணித் தெரிவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஸ்டேஷன் ரோட்டுச் சலூனில் இரண்டு கட்சி; முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, தயா தேறுவானா மாட்டானா என்று அரை மணி நேரம் வாதாடுவார், கதிரையில் இருந்தவன் பாதித் தலையோடு இருப்பான். கடைசியில் என்னிடம் வருவார்கள். "ஸ்கோரர் தம்பி, நீர் சொல்லும்."

எவ்வளவு நல்ல நாட்கள். பிட்ச்சின் மேல் மட்டிங் பாய் விரித்து ஆணி அடிக்கிற சத்தம். துடுப்பில் பூசிய எண்ணெய் மணம். தகரத்தில் எழுதிய இலக்கங்களைப் பலகையில் கொழுவுவது. ஐஸ்பழ வான் மணி கேட்டால் எல்லைக்கோட்டில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். அந்த மேசையில் இருக்கும்போது எனக்கு இருந்த மிடுக்கு பிறகு எந்தக் கந்தோரிலும் வரவில்லை.

அந்த மிடுக்கோடுதான் ஸ்கோர் புத்தகத்தை விரித்து வைத்துத் தயாவுக்குச் சொன்னேன். "எல்லாம் மட்டிங்கில எடுத்த விக்கெட். கொழும்பில புல்லுப் பிட்ச். அடிச்சுப் பறக்க விடுவாங்கள்." அவன் புத்தகத்தைப் பார்த்தான். "சரி அண்ணா" என்றான். கொழும்பு ரெயில் ஏறவில்லை. அடுத்த மாதம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பம். இன்றும் அதே கச்சேரி.

ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, இரண்டு பேரும்.

27 ஜூலை, சனி

வெளி மைதானத்தில் மட்ச். காய்ச்சல் குணம், மட்சுக்குப் போகவில்லை. ராணி இஞ்சி அவித்துத் தந்தாள். டிரான்சிஸ்டரில் பெரிய மட்ச் மட்டும். ரிசர்வ்ஸ் பற்றி ஒரு வரி இல்லை.

3 ஆகஸ்ட், சனி

காற்று. வேலியைப் பிடித்தால் கை விறைக்கிறது.

ரிசர்வ்ஸ் தொடங்குமுன் தொப்பிக்காரர் நேராக என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"உங்களுக்கு நன்றி சொல்ல வந்தனான்."

எதற்கு என்றேன்.

"உண்மையைச் சொன்னதுக்கு. கிளப்பில மற்ற ஆக்கள் நல்லது, நல்லது எண்டு மட்டும்தான் சொல்லுகினம். நீங்கள் ஒராள்தான் எண்ணிப் பார்த்துச் சொன்னியள். நான் கொலின்ர தேப்பன்."

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பெர்ட் டின்னிலிருந்து இறங்கினார்.

பெயர் ஆர்தர். கிப்ஸ்லாந்துப் பக்கம், பால் மாடு. நூற்று நாற்பது மைல். போன மாதம் தெருப் பலகைகளை மாற்றியபிறகு இருநூற்றிருபத்தைந்து கிலோமீட்டர், "எண் கூடினதோட களைப்பும் கூடிப் போச்சு" என்றார். காலையில் கறந்துவிட்டு வந்து, ரிசர்வ்ஸ் பார்த்துவிட்டு, மாலைக் கறவைக்குத் திரும்புகிறார். தகப்பன் வந்தது தெரிந்தால் மகனுக்குக் கால் தடுமாறுமாம். அதனால் ஒளித்து நின்று பார்க்கிறார்.

ஊர் பட்டர் ஃபாக்டரியில் கொலினுக்கு ஒரு வேலை, ஆகஸ்ட் முடியும் வரை பிடித்து வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன அன்று மாலையே மகனுக்கு ஃபோன் எடுத்தாராம். கிளப்பில் எண்ணுகிற அதிகாரியே காணாது என்கிறார், சீசன் முடிய வீட்டுக்கு வா என்று. அவனும் சரி என்றானாம்.

தயா சொன்ன அதே 'சரி'.

"ஐயா, நான் கிளப் ஆள் இல்லை" என்றேன். "தண்ணீர்க் கந்தோரில குழாய் வரையிறவன். சும்மா மட்ச் பார்க்க வாறவன்."

"அப்ப இந்தக் கழுத்துப்பட்டி?"

"அது எங்கட ஊர் வழக்கம்."

பெர்ட் சிரித்தார், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆர்தர் சிரிக்கவில்லை. என் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிளப் இல்லாட்டிப் போகட்டும். கொப்பி பிழையோ?"

பிழை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். விடவில்லை, கல்லூரியில் நாலு வருடத்தில் ஒரு ஓட்டம் கூடப் பிழைக்காத ஸ்கோரர் என்ற வீண் பெருமை. "எண்ணினதில பிழை இல்லை" என்றேன்.

"அப்ப ரெண்டும் ஒண்டுதானே." தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலியின் மறு அந்தத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கியது. டோரிஸ் பொரிந்து தள்ளினார். "உன்ர கொப்பியில அவன் உதைச்சதை எழுதினாய். அவன் பிடிச்சு வச்சிருந்த ஆள் எத்தினை உதைச்சவன்? எழுதினியோ? பின்வரிசைக்காரன் பந்து அடிக்கவோ நிக்கிறான்? அடிக்க விடாமல் நிக்கிறான்!"

எழுதவில்லை. பதினொரு மட்சிலும் எழுதவில்லை. சாண்ட்விச் தந்தார். மடித்துப் பையில் வைத்தேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ராணியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு இது ரெண்டாந்தரம்" என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். திட்டியிருந்தால் நல்லது.

டோரிஸ் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் பொய். நன்றாக நித்திரை. காலையில் பல் விளக்கும்போதுதான் வந்தது. மெய்டன் ஓவர். ஒரு ஓட்டமும் கொடாத ஓவர். ஸ்கோரருக்கு அதற்கென்று தனிக் கட்டம் உண்டு, நானே என் கையால் நிரப்பியது. தயா விக்கெட் எடுத்ததை விட அடிக்க விடாமல் வைத்திருந்ததுதான் கூட. அன்றைக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டியபோது அந்தக் கட்டத்தின் மேல் என் உள்ளங்கை இருந்தது. வேண்டுமென்று வைத்தேனா? தெரியாது. தம்பி கொழும்புக்குப் போனால் எனக்கு மேசை மட்டும்தான் மிச்சம் என்று அப்போது ஒரு எண்ணம் இருந்தது. இதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

தயாவுக்கு ஏரோகிராம். கொலின் கதை முழுக்க. கடைசியில் மெய்டன் விஷயம். மூன்று மடிப்பும் நிரம்பி, ஒட்டும் ஓரத்திலும் எழுதினேன். மத்தியானம் பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு பயம் பிடித்துக்கொண்டது.

10 ஆகஸ்ட், சனி

வெளி மைதானம், இரண்டு ரெயில் மாறிப் போனேன். மழை வரும் போல இருந்து வரவில்லை. கொப்பியில் புதிதாக இன்னொரு நிரல்.

கொலின்: உ 5, பி 3, கை 2.
அவன் பிடித்த ஆள் (பத்திரிகையில் படம் வந்த நெட்டையன்): உ 2, பி 0.

பெர்ட் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். "என்ர காலத்திலயும் இப்பிடி ஒருத்தன் இருந்தவன்" என்றார். "அவனைப் பற்றியும் நாங்கள் காணாது எண்டுதான் சொன்னனாங்கள்." கண்ணைத் துடைத்தார். காற்றுக்கு என்றார்.

ஆர்தர் வரவில்லை.

17 ஆகஸ்ட், சனி

நல்ல வெயில், முதல் தடவையாகக் கையுறை இல்லாமல்.

கொலின்: உ 7, பி 2, கை 4. அவன் ஆள்: உ 3, பி 1.

ஆர்தர் இன்றும் இல்லை. விலாசமும் தெரியாது. மகனிடமே போவது என்று முடிவு. ரிசர்வ்ஸ் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலுக்குப் போனேன். அங்கே காவலுக்கு ஒரு முரடர், எல்லோரையும் துரத்திக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். "உள்ள போங்கோ, சேர்."

இந்தக் கழுத்துப்பட்டி செய்த வினைக்கு அதுவே கதவைத் திறந்தது.

உள்ளே நீராவி, சேறு, தசைக்குத் தேய்க்கிற எண்ணெய். அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஒரு கணம் கல்லூரி, தயா குனிந்து சப்பாத்து வாரைக் கட்டுகிறான். நின்றுவிட்டேன். யாரோ தோளில் இடித்தார்கள்.

கொலின் வாங்குப் பலகையின் நுனியில். கிட்டப் பார்த்தால் இன்னும் சின்னவன், நாடியில் காயம்.

"அப்பா கேட்ட கொப்பிக் கணக்கைச் சொன்னது நான்தான்" என்றேன். "நான் கிளப் ஆளும் இல்லை. உன்னைப் பற்றி அரைவாசிதான் எண்ணினனான்."

இரண்டு நிரலையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். பார்த்தான்.

"ரெண்டு மட்ச்தானே இருக்கு."

"ஓம். மற்றதை எண்ணேல்ல. அது என்ர பிழை, உன்ர இல்லை."

"நான் தேறுவனோ?"

"அதைக் கோச்சரிட்டைக் கேட்டனியோ?"

இல்லை என்று தலையாட்டினான். வெட்கமாம். காணாது என்று சொல்லிவிட்டால் பிறகு அது உண்மையாகிவிடுமாம். தாளை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தான். "சரி மிஸ்டர்" என்றான். என்ன சரி என்று தெரியவில்லை. வெளியே வந்தேன்.

24 ஆகஸ்ட், சனி

கந்தோரில் மேலதிக வேலை, போகவில்லை. மாலை டோரிஸ் கடை ஃபோனிலிருந்து எடுத்தார். "46 நல்லா விளையாடினவன். ஆனா போறதோ நிக்கிறதோ எண்டு வாய் திறக்கிறான் இல்லை." தேப்பன்? "இல்லை."

27 ஆகஸ்ட், செவ்வாய்

தயாவின் கடிதம். ராணி பிரிக்காமல் குசினி மேசையில் வைத்திருந்தாள். கோட்டைக் கழற்றாமல் வாசித்தேன்.

முதல் பக்கம் கிணறு இறைத்தது, சின்னவளுக்குப் பல் விழுந்தது, மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பியாயிற்று. பிறகு, அப்படியே எழுதி வைக்கிறேன்:

"அண்ணா, மட்டிங் கதை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் கொழும்புக்குப் போகாதது உங்கட சொல்லாலதான். இல்லை எண்டு எழுதினா நீங்கள் சந்தோசப்படுவியள், ஆனா அது பொய். பத்து வருசம் உங்களில கோவம் இருந்தது. என்ர கலியாணத்தண்டும் இருந்தது. இப்ப இல்லை. எப்ப போனது எண்டும் தெரியாது. போயிருந்தா தேறியிருப்பனோ? சலூனில இப்பவும் ரெண்டு பேர் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கினம். எனக்கு அதைக் கேக்க ஆசையா இருக்கும். அந்தப் பெடியனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, தேறுவாய் எண்டில்லை, போய்ப் பார் எண்டு. அது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. மற்றது, கடைசி வருசம் நான் எத்தினை மெய்டன் போட்டனான்? கேக்க வேணும் எண்டு கன நாளா இருந்தனான்."

ராணி வாசித்தாள். "தேத்தண்ணி போடட்டோ?" என்றாள். வேண்டாம் என்றேன். போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அழுதேன், எழுதுவதில் என்ன.

29 ஆகஸ்ட், வியாழன்

ஏழு மணிக்கு ரேடியோவில் சனிக்கிழமை அணிகள் வாசிப்பு. பதினெட்டுப் பெயர், பிறகு மாற்றுக்கு நிற்கிற பத்தொன்பதாவது ஆள், இருபதாவது ஆள். இருபதாவது: கொலின். மேல் அணியில். ராணியும் கேட்டாள். இரண்டு நிமிடம் கழித்து ஃபோன், டோரிஸ். ஒன்றும் விளங்கவில்லை, ஒரே சத்தம்.

ஆனால் சனி ஆகஸ்டின் கடைசி நாள். ஃபாக்டரிக் கெடுவும் அன்றுதான். கடைசி மட்ச் ஒன்று தந்து அனுப்புகிறார்களோ என்றும் ஒரு பயம்.

31 ஆகஸ்ட், சனி

மெல்லிய வெயில், பின்னேரம் தூறல். சீசனின் கடைசி மட்ச், எங்கள் மைதானம்.

கொப்பியை எடுக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டினேன்.

ஆர்தர் எங்களுக்கு முன்னமே எங்கள் இடத்தில் நின்றார். இன்று பெரிய மட்சுக்கு. மாலைக் கறவையை மனைவியிடம் விட்டாராம். தொப்பியைத் தொட்டார், நானும் தலையசைத்தேன். டோரிஸ் இரண்டு பேருக்கும் சாண்ட்விச் தந்தார்.

கொலின் எதிர்ப்பக்கம் மாற்று ஆட்களின் வாங்கில், ஜெர்சிக்கு மேல் டிரெஸ்ஸிங் கவுன் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருக்கிறவன் போல. முதல் கால்பகுதி, இரண்டாவது, மூன்றாவது. பெர்ட் டின்னில் ஏறுவதும் இறங்குவதும். இறக்காமலே முடித்துவிடுவார்கள் போல இருந்தது.

கடைசிக் கால்பகுதி தொடங்கிக் கொஞ்சத்தில் எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் நொண்டிக்கொண்டு வெளியேறினான். கவுன் விழுந்தது. 46 ஓடி வந்தது, எங்கள் பக்கமாகவே. டோரிஸ் போட்ட கூச்சலில் தூறல் நின்றிருக்க வேண்டும். ஆர்தர் வேலியை இரண்டு கையாலும் பிடித்தார்.

மட்ச் தோல்வி, சிறிய இடைவெளி.

முடிந்தபின் ஆர்தர்: "ஃபாக்டரிக்கு எழுதிப் போட்டான். வேற ஆளைப் பாருங்கோ எண்டு. திங்களே எழுதினது, ரேடியோவில பேர் வாசிக்க முதல். எனக்கு இண்டைக்குத்தான் சொன்னவன்." பிறகு என்னைப் பார்த்தார். "தேறுவானோ?"

"தெரியாது" என்றேன். யார் கேட்டும் நான் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டினார், நல்ல பதில் கிடைத்தவர் போல.

வீட்டில் ராணி: "எத்தினை உதைச்சவன்?" எண்ணவில்லை.

தயாவுக்கு ஏரோகிராம் எழுத இருக்கிறேன். ஸ்கோர் புத்தகம் கல்லூரியில் எந்த அலுமாரியிலோ. அந்த வருடம், பதினாலு மட்ச், ஐம்பத்து மூன்று மெய்டன். எனக்குப் பார்க்கத் தேவையில்லை.